முன்னுரையாய் வந்த பாவ அறிக்கை
இரா. நடராசனின் ‘ஆயிஷா’வை மீண்டும் படிக்கையில்

கீழ்பென்னாத்தூரில் ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்ததும் ஆலய வளாகம் சிறிது நேரம் பிள்ளைகளுக்கு உரியதாகிவிடும். மறைக்கல்வி வகுப்புக்கு மணி அடிக்கும்வரை அவர்கள் வேப்பமர நிழலிலும் திண்ணையிலும் கூடி நிற்பார்கள். அறையின் மூலையில் ஒரு பழைய அலமாரியில் நாம் சேர்த்து வைத்திருக்கும் நூல்களை அந்த வேளையில்தான் அவர்கள் எடுத்துச் செல்வதும் திருப்பித் தருவதும் வழக்கம். அப்படி ஒரு ஞாயிறன்று பத்தாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி ஒரு மெல்லிய நூலைத் திருப்பித் தந்தாள். தந்தவள் அகலாமல் நின்றாள்.

“ஃபாதர், அந்த டீச்சருக்கு ஆயிஷாவ அவ்வளவு பிடிக்குமே. அப்புறம் ஏன் அவங்களால காப்பாத்த முடியல? தப்பு, அடிச்சவங்க மேல மட்டுந்தானா?”

நாம் உடனே விடை கூறவில்லை. நூலைத் தந்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் போகும் பிள்ளைகளே மிகுதி. வினாவோடு திரும்பி வருகிறவர் அரியர். அந்த வினாவை ஒரு வாரம் சுமந்து திரிந்தோம். நூலை மறுபடியும் படித்தோம். அந்த மாணவிக்கு மட்டுமன்றி நமக்கும் நாம் சொல்லிக்கொள்ள வேண்டிய விடை அதில் இருக்கக் கண்டோம். அவ்விடையை இங்கே எழுத்தில் வைக்க முயல்கிறோம்.

ஆசிரியரும் அவர் களமும்

இரா. நடராசன் தொழிலால் ஆசிரியர். கடலூரில் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். சிறுகதை, நாவல், கணிதம், அறிவியல், கல்விச் சிந்தனை எனப் பல துறைகளில் நூல்கள் தந்திருக்கிறார். ‘கணிதத்தின் கதை’, ‘டார்வின் ஸ்கூல்’, ‘இது யாருடைய வகுப்பறை’ என்னும் தலைப்புகளே அவர் உள்ளம் எங்கே குடியிருக்கிறது என்பதைக் காட்டிவிடும். ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ என்னும் நூலுக்காக 2014-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஆயினும் தமிழ் வாசகர் அவரை ‘ஆயிஷா நடராசன்’ என்றே அழைக்கின்றனர். ஓர் எழுத்தாளன் தான் படைத்த பாத்திரத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமப்பது எளிதில் நேர்வதன்று. அதுவும் இறந்துபோன ஒரு சிறுமியின் பெயரைச் சுமப்பது பெருமையோடு பாரமும் ஆகும்.

அவர் எழுதும் களத்தைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். தமிழில் குழந்தை இலக்கியத்துக்கு நல்ல மரபு உண்டு. அழ. வள்ளியப்பாவின் பாடல்களும் வாண்டுமாமாவின் கதைகளும் இரண்டு தலைமுறைகளை வளர்த்தன. பெரியவர்களுக்கான நாவல் மரபின் வளத்தைச் சொல்லத் தேவையில்லை. இவ்விரண்டுக்கும் இடையில், பன்னிரண்டு வயது முதல் பதினேழு வயது வரை உள்ளோர்க்கென ஓர் இலக்கியம் நம்மிடையே நெடுங்காலம் தனியாக உருப்பெறவில்லை. அம்புலி, பூனை, அரசகுமாரன் ஆகியோரைக் கடந்து வந்த பிள்ளை நேரே வார இதழ்களின் தொடர்கதைக்குள் போய் விழுவதே வழக்கமாக இருந்தது. மேலை நாட்டில் 1967-இல் எஸ். இ. ஹின்டன் என்னும் இளம்பெண் தன் பள்ளிப் பருவத்திலேயே எழுதத் தொடங்கிய ‘தி அவுட்சைடர்ஸ்’ என்னும் நாவல், வளரிளம் பருவத்தார்க்கான இலக்கியத்தின் தொடக்கமென்று கருதப்படுகிறது. நம்மிடம் அத்தகைய தெளிவான தொடக்கப் புள்ளி இல்லை. ஆனால் 1990-களில் ‘கணையாழி’ இதழில் குறுநாவலாக வெளிவந்து, பின்னர்ச் சிறு நூலாகப் பலமுறை அச்சேறி, பிற மொழிகளுக்குப் பெயர்க்கப்பட்டு, குறும்படமாகவும் ஆக்கப்பட்ட ‘ஆயிஷா’ அந்த இடத்துக்கு மிக அருகில் நிற்கிறது. பெரியோர்க்கான இலக்கிய இதழில் வந்த கதையைப் பள்ளிப் பிள்ளைகள் தமதாக்கிக் கொண்டனர் என்பதே இதன் வரலாறு.

இப்படைப்பு தனியே முளைத்ததும் அன்று. 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், 1987 முதல் வெளிவரும் ‘துளிர்’ என்னும் சிறுவர் அறிவியல் மாத இதழும், 1990-களின் தொடக்கத்தில் சிற்றூர்தோறும் விளக்கேற்றிய அறிவொளி இயக்கமும் ஒரு புதிய வாசகக் கூட்டத்தை உருவாக்கியிருந்தன. 1993-இல் பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு, பள்ளிப் பிள்ளைகளின் சுமையைப் பற்றிய தன் அறிக்கையை அளித்தது. புத்தகப் பையின் எடையைவிடப் புரியாமல் படிப்பதன் எடையே கொடியது என்பது அவ்வறிக்கையின் சாரம். அறிக்கை சொன்னதை ஆயிஷா உயிரும் உடலுமாக வந்து நின்று சொன்னாள்.

கதையும் அதன் வடிவமும்

கதையை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகக் கூறுவோம். அறிவியல் ஆசிரியை ஒருவர் தாம் எழுதிய அறிவியல் நூலுக்கு முன்னுரை எழுதுகிறார். அந்த முன்னுரைதான் கதை. தம்மிடம் பயின்ற ஆயிஷா என்னும் மாணவியை அதில் நினைவுகூர்கிறார். ஆயிஷா பெற்றோரை இழந்தவள். உறவினர் ஆதரவில் வளர்பவள். காந்தத்தைப் பற்றிய பாடம் நடக்கையில், காந்தத்தைத் துண்டு துண்டாக முடிவின்றி வெட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று தொடங்கி அவள் கேட்கும் வினா, பாடக்குறிப்பையே கல்வியென எண்ணி வந்த ஆசிரியையைத் திகைக்க வைக்கிறது. அந்தத் திகைப்பிலிருந்து இருவருக்குமிடையே ஓர் உறவு மலர்கிறது. மாணவியின் வினாக்களுக்கு விடை தேடப் போன ஆசிரியை மீண்டும் மாணவியாகிறார். மற்ற வகுப்புகளிலோ அதே வினாக்களுக்கும், குறிப்பில் உள்ளபடி எழுதாமல் தன் சொற்களில் எழுதிய விடைகளுக்கும் ஆயிஷாவுக்குக் கிடைப்பது அடி. அடியை நிறுத்த வழியில்லை என்று கண்ட சிறுமி, வலியை நிறுத்த வழி தேடுகிறாள். உடலை மரத்துப்போகச் செய்யும் வேதிப்பொருளைப் பற்றிப் படித்து, தவளை ஒன்றுக்குச் செலுத்திப் பார்த்து, பின் தனக்கே செலுத்திக்கொண்டு இறந்துபோகிறாள்.

இதனைத் தற்கொலைக் கதை என்று கொள்வோர் உண்டு. நாம் அவ்வாறு கொள்ளவில்லை. ஆயிஷா சாக விரும்பவில்லை. மறுநாளும் பள்ளிக்கு வர விரும்பினாள். வலிக்காமல் வர விரும்பினாள், அவ்வளவே. அவள் செய்தது அவள் அறிந்த ஒரே வழியிலான ஓர் ஆய்வு. நம் கல்விக்கூடம் ஒரு குழந்தைக்கு விட்டு வைத்த ஒரே ஆய்வுக்களம் அவளுடைய சொந்த உடல்தான் என்பதில் இக்கதையின் கொடுமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இனி நம் மாணவியின் வினாவுக்கு வருவோம். இந்தக் கதையை ஆசிரியர் ஏன் முன்னுரையாக எழுதினார்? ஆயிஷாவின் வாயால் சொல்லியிருக்கலாம். மூன்றாம் மனிதர் கூற்றாகவும் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் நாம் அச்சிறுமிக்காக அழுதிருப்போம், அடித்தவர்களைச் சபித்திருப்போம், நூலை மூடியிருப்போம். முன்னுரை என்னும் வடிவம் நம்மை அவ்வளவு எளிதில் விடுவதில்லை. முன்னுரையில் நூலாசிரியர் தாம் ஏன் எழுத நேர்ந்தது என்று சொல்லியாக வேண்டும். தமக்கு உதவியவர்க்கு நன்றி சொல்லியாக வேண்டும். தம் குறைகளை ஒப்புக்கொண்டாக வேண்டும். நன்றிக்கு உரியவள் உயிரோடு இல்லை. அவள் இல்லாமற்போனதில் தமக்கும் பங்குண்டு. அப்படி இருக்கையில் முன்னுரை வேறென்னவாக இருக்க முடியும்? அது பாவ அறிக்கையாகிறது.

ஒப்புரவு அருட்சாதனத்தில் மன்னிப்பை நாடுபவரிடம் மூன்று செயல்களைத் திருச்சபை எதிர்பார்க்கிறது என்று குருமடத்தில் பயின்றோம். மனத்துயர், அறிக்கை, பரிகாரம் என்பன அவை. புனித அக்குவினா தோமா இவற்றை அருட்சாதனத்தின் உறுப்புகள் என்றே விளக்குகிறார். ஆயிஷாவின் ஆசிரியையிடம் இம்மூன்றும் காணக் கிடக்கின்றன. அவருடைய துயரம் இரக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. அடித்த கைகளின் வரிசையிலிருந்து தம்மைப் பிரித்து நிறுத்திக்கொண்டு அவர் பேசுவதில்லை. எந்த அமைப்பு ஆயிஷாவைக் கொன்றதோ அந்த அமைப்பிலிருந்து மாதச் சம்பளம் பெற்றவர்களுள் தாமும் ஒருவர் என்பதை அறிந்தே பேசுகிறார். இது மனத்துயர். அதைத் தனிமையில் அழுது தீர்க்காமல் அச்சில், எல்லாரும் படிக்கும் இடத்தில் வைக்கிறார். இது அறிக்கை. அந்த முன்னுரைக்குப் பின்னால் ஒரு நூல் இருக்கிறது. நாம் அதைப் படிக்கப் போவதில்லை. கதைக்குள் மட்டும் இருக்கும் நூல் அது. இன்னொரு ஆயிஷா வினாவோடு வரும்போது அவள் கையில் கொடுக்க ஏதேனும் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. இது பரிகாரம்.

ஆகவே மாணவியின் வினாவுக்கு முதல் விடை இது: தப்பு அடித்தவர்கள் மேல் மட்டும் இல்லை. அதை முதலில் சொன்னவரே அந்த ஆசிரியைதான். சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் செய்த பாவங்களோடு, கடமையில் தவறியதால் வந்த பாவத்தையும் நாம் திருப்பலியின் தொடக்கத்தில் மார்பில் தட்டி அறிக்கையிடுகிறோம். முதல் மூன்றையும் நாம் எண்ணிப் பார்க்கிறோம். நான்காவதை வாய் சொல்ல, மனம் தாண்டிச் சென்றுவிடுகிறது. ‘ஆயிஷா’ அந்த நான்காவது சொல்லைப் பற்றிய கதை.

வினாக்களின் மரபு

வினாக் கேட்பதை அடங்காமை என்று எண்ணும் வழக்கம் எங்கிருந்து வந்தது? நம் மறையிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. பன்னிரண்டு வயதில் எருசலேம் கோவிலில் காணாமற்போன சிறுவன் இயேசுவைப் பெற்றோர் மூன்றாம் நாள் கண்டபோது, அவர் போதகர்களின் நடுவே அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் வினாக்களை எழுப்பிக்கொண்டும் இருந்தார் என்று லூக்கா எழுதுகிறார் (2:46). அந்தப் போதகர்களை நாம் பெரும்பாலும் நினைப்பதே இல்லை. அவர்கள் ஒரு தச்சன் மகனை நடுவே அமரச் செய்தார்கள், அவன் கேட்பதற்கு இடம் கொடுத்தார்கள், கேட்டு வியந்தார்கள். நற்செய்தியில் பிற இடங்களில் கடிந்துகொள்ளப்படும் அந்தக் கூட்டத்தார் இவ்வொரு காட்சியில் நம்மில் பலரைவிட நல்ல ஆசிரியர்கள்.

புனித அகுஸ்தினார் தம் ‘அறிக்கைகள்’ நூலின் முதற் பகுதியில் ஒரு செய்தியைக் கூறுகிறார். சிறுவனாய் இருந்தபோது அவர் இறைவனிடம் உருகி வேண்டிக்கொண்டது பள்ளியில் அடி வாங்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே. அந்த வேண்டுதலை நினைத்தும் அடியை நினைத்தும் பெரியவர்கள் சிரித்தார்கள்; தம் பெற்றோர் கூடச் சிரித்தார்கள் என்று, ஆயராகிவிட்ட பிறகும் ஆறாத புண்ணோடு அவர் எழுதுகிறார். ஆயிஷாவுக்கும் அகுஸ்தினாருக்கும் இடையே ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உள்ளன. வலி ஒன்றே. சிறுவன் அகுஸ்தினார் வானத்தை நோக்கிக் கேட்டதை, சிறுமி ஆயிஷா ஆய்வகத்தில் தேடினாள்.

பதினோராம் நூற்றாண்டில் பெக் மடத்தின் தலைவராயிருந்த புனித ஆன்செல்மிடம் மற்றொரு மடாதிபதி குறைப்பட்டுக்கொண்டாராம்: மடத்துச் சிறுவர்களை இரவு பகலாக அடித்தும் அவர்கள் திருந்தவில்லை என்று. இளமரக் கன்று ஒன்றை நட்டு, கிளை விரிய இடமே இல்லாதபடி நாற்புறமும் இறுக அடைத்து வைத்துப் பல ஆண்டுகள் கழித்துத் திறந்தால் என்ன கிடைக்கும் என்று ஆன்செல்ம் அவரைத் திருப்பிக் கேட்டார். முறுக்கிக் கோணிய மரமே கிடைக்கும் என்றார் அவர். அப்படியானால் பிழை கன்றுடையதா, அடைத்தவருடையதா? ஆன்செல்மின் சீடர் எட்மர் எழுதி வைத்த செய்தி இது. நம்பிக்கை புரிதலைத் தேடிச் செல்கிறது என்று இறையியலுக்கே வரையறை தந்த மாமேதை, சிறுவர்களைப் பற்றியும் இவ்வாறு சிந்தித்தார் என்பது தற்செயலானதன்று. அக்குவினா தோமாவின் பெருநூலும் வினாக்களாலேயே கட்டப்பட்டது. மறுப்புகளை முதலில் எழுதி, அவற்றுக்கு மதிப்பளித்த பின்னரே அவர் தம் விடைக்குள் நுழைகிறார்.

நாம் வாழும் இந்த மண்ணுக்கும் இச்செய்தி புதிதன்று. கீழ்பென்னாத்தூரிலிருந்து மேற்கே சென்றால் அண்ணாமலை தெரியும். அம்மலையடியில் 1896 முதல் வாழ்ந்த இரமணரின் போதனை, ‘நான் யார்’ என்னும் ஒரே வினாவில் அடங்குகிறது. அவரும் அதைத் தாமாக அமர்ந்து நூலாக எழுதியவரல்லர். சிவப்பிரகாசம் பிள்ளை என்னும் அன்பர் வினாக்கள் கேட்கப் போக, அவற்றுக்குத் தந்த விடைகளே அந்நூலாயின. கேட்டவர் இல்லையேல் நூல் இல்லை.

நடராசன் விருது பெற்ற நூலுக்கு விக்கிரமாதித்தன் கதைச் சட்டத்தைத் தேர்ந்ததையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். பழைய கதையில் வேதாளம் வினாத் தொடுக்கும். விடை அறிந்திருந்தும் அரசன் வாய் திறவாவிடில் அவன் தலை சுக்குநூறாகும். அறிந்தும் பேசாதிருப்பவனுக்கே அங்குத் தண்டனை. நம் வகுப்பறையிலோ பேசியவளுக்குத் தண்டனை. அறிவியலைச் சொல்ல இந்தப் பழஞ்சட்டத்தை எடுத்தாண்டதில் ஆசிரியர் விளையாட்டாகவே ஒரு கடுமையான செய்தியைச் சொல்லிவிடுகிறார். வேதாளம் ஒவ்வொரு முறையும் முருங்கை மரத்துக்குத் திரும்பிப் போவது போல் வினாவும் திரும்பிப் போகும். மறுபடி தோளில் ஏறும். அதைச் சுமந்து நடப்பவனே அரசன்.

குறைகள் எனத் தோன்றுபவை

இவ்வளவு சொன்ன பின் குறைகளையும் கூறுவது திறனாய்வின் கடமை. ஆயிஷாவை அடிக்கும் ஆசிரியர்கள் முகமற்றவர்களாக இருக்கிறார்கள். அடிப்பதற்கென்றே கதைக்குள் வந்து போகிறவர்கள் போல் தோன்றுகிறார்கள். நாம் அறிந்த ஆசிரியர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். அறுபது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, தேர்ச்சி விழுக்காட்டுக்கு விடை சொல்ல வேண்டிய அச்சத்தோடு, வீட்டுக் கடனையும் சுமந்து நிற்பவர்கள். அவர்கள் கையில் உள்ள பிரம்பில் அவர்கள் மேல் விழுந்த பிரம்பும் இருக்கிறது. அந்த மனிதர்களுள் ஒருவரையேனும் உள்ளிருந்து காட்டியிருந்தால் கதையின் குற்றச்சாட்டு வலுவிழந்திராது, ஆழப்பட்டிருக்கும்.

இரண்டாவது, ஆயிஷாவின் பெயர் பெருமைக்குரிய பெயர். நபிகள் நாயகத்தின் துணைவியாருடைய பெயர். அவருடைய மொழிகள் பலவற்றை நினைவில் காத்து உலகுக்கு எடுத்துச் சொன்ன அறிவுடைய பெண்மணியின் பெயர். கதையில் அச்சிறுமியின் வேதனையும் வினாக்களும் நிறைந்திருக்கும் அளவுக்கு அவளுடைய வழிபாடு நிறைந்திருக்கவில்லை. வலியில் துடித்த அக்குழந்தை இரவில் இறைவனிடம் என்ன கேட்டாள் என்று அறிய நம் உள்ளம் அவாவுகிறது. அறிவியல் மனம் வேறு, செபிக்கும் மனம் வேறு என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் நம் முற்போக்கு எழுத்தில் பரவலாக உண்டு. அதன் நிழல் இங்கும் சிறிது படிந்திருக்கிறதோ என்று ஐயுறுகிறோம்.

மூன்றாவது, சாவு. கதைக்கு அச்சாவு தேவையா? ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயானகி 1981-இல் வெளியிட்ட ‘டோட்டோ-சான்’ தமிழிலும் கிடைக்கிறது. அந்தச் சிறுமியும் ஒரு பள்ளியால் வெளியேற்றப்பட்டவளே. அடுத்த பள்ளியின் தலைமையாசிரியர் கோபயாஷி, வந்த முதல் நாளே அவள் பேசப் பேச ஏறத்தாழ நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நான்கு மணி நேரம் ஒரு வாழ்வைக் காத்தது. அந்நூலைப் படித்தவர்கள் ‘ஆயிஷா’வின் முடிவைத் தாங்காமல் போகலாம். மெல்லிய உள்ளம் கொண்ட பிள்ளைகளிடம் இந்நூலைத் தருவோர் உடன் இருந்து பேசவும் வேண்டும். தந்துவிட்டு விலகிவிடக் கூடாது. எனினும் சாவைத் தவிர்த்திருந்தால் இக்கதை நம்மை இத்தனை ஆண்டுகள் துரத்தியிராது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். டோட்டோ-சான் நாம் எப்படி இருக்கலாம் என்று சொல்கிறாள். ஆயிஷா நாம் எப்படி இருந்தோம் என்று சொல்கிறாள். இரண்டு நூல்களும் ஒரே அலமாரியில் அருகருகே இருக்க வேண்டும்.

நம் பக்கம் திரும்பும் வினா

இங்கே நிறுத்திக்கொண்டால் இது நல்ல மதிப்புரையாக முடிந்துவிடும். ஆனால் மாணவியின் வினா முடியவில்லை.

தமிழ்நாடு அரசு 2003-இல் கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளிகளில் உடல் தண்டனையை விலக்கியது. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மன வதையையும் தடை செய்தது. 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இச்சட்டம் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை மீண்டும் ஆராய வேண்டுமென்று 2025-இல் அதே நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு கருதியது. சிறுபான்மையினரின் கல்வி உரிமை காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவ்வுரிமை எத்தனை ஏழைப் பிள்ளைகளுக்கு விளக்கேற்றியது என்பதை இம்மாவட்டத்துச் சிற்றூர்கள் அறியும். ஆயினும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: அடிக்கக் கூடாது என்று சொல்லும் ஒரு பிரிவு நம் வாயிலுக்கு வெளியே நிற்பதில் நமக்கு என்ன மகிழ்ச்சி? சிறியோர் ஒருவரை இடறச் செய்பவனுக்குக் கழுத்தில் எந்திரக் கல் என்று நம் ஆண்டவர் சொன்னது (மாற்கு 9:42) எந்த நீதிமன்றத்தாலும் நமக்கு விலக்களிக்கப்படாத சட்டம். நாட்டின் சட்டம் கேட்பதைவிட மிகுதியாய்ச் செய்வதற்கே நமக்குத் தனி உரிமை தரப்பட்டது.

பிரம்பைக் கீழே வைத்துவிட்டோம் என்று கூறி ஆறுதல் அடையவும் வழியில்லை. வேறொரு பங்கில், பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மறைக்கல்வி வகுப்பில் தொடக்க நூலை விளக்கிக்கொண்டிருந்தோம். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். “கடவுளுக்கு எல்லாம் தெரியும்னீங்க. அப்புறம் ஏன் ஆதாமைப் பாத்து, நீ எங்கே இருக்கேன்னு கேட்டாரு?” பிள்ளைகள் சிரித்தார்கள். நமக்கு அவ்வேளையில் விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் தெரியவில்லை. “அதிகப்பிரசங்கி, உட்கார்” என்றோம். அவள் உட்கார்ந்தாள். அதன்பின் அவ்வகுப்பில் அவள் எழுந்ததை நாம் பார்க்கவில்லை. பிரம்பு இல்லை, தழும்பு இல்லை, எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. ஆனால் ஒரு குழந்தையின் உள்ளே ஏதோ ஒன்று அன்று மரத்துப்போகத் தொடங்கியிருக்கும். ஆயிஷா ஊசியால் தேடிய மரப்பை நாம் ஒரு சொல்லால் ஏற்றிவிட்டோம்.

அந்தச் சிறுமியின் வினாவுக்கு விடை தேட நமக்குப் பல ஆண்டுகள் ஆயின. விவிலியத்தில் கடவுள் மனிதனிடம் பேசும் முதல் வினா அது (தொடக்க நூல் 3:9). அறியாமையால் கேட்டதன்று, ஒளிந்திருப்பவன் தானே வெளிவர வாய்ப்பளிக்கக் கேட்டது. தவறிய பிள்ளையிடம் கடவுள் முதலில் நீட்டியது கையை ஓங்கிய தண்டனையை அன்று, ஒரு வினாவை. இவ்வளவு அழகிய செய்தியை அன்று அச்சிறுமி நம் கையில் கொண்டுவந்து வைத்தாள். நாம் அவளை உட்காரச் சொன்னோம். அவள் இன்று எங்கே இருக்கிறாள் என்று அறியோம். நீ எங்கே இருக்கிறாய் என்னும் வினா இப்போது நம்மை நோக்கியே கேட்கப்படுகிறது.

ஆகையால் மாணவியின் வினாவுக்கு நாம் தரும் இரண்டாம் விடை இது. அந்த ஆசிரியையால் ஏன் காப்பாற்ற முடியவில்லை? அன்பு இல்லாமையால் அன்று. ஆயிஷாவின் மேல் வைத்த அன்பு அவர்கள் இருவருக்கிடையிலேயே இருந்துவிட்டது. ஆசிரியர் அறையின் கதவைத் திறந்து உள்ளே போய்ப் பலர் முன்னிலையில் பேசும் அன்பாக அது வளர்வதற்குள் காலம் முடிந்துவிட்டது. வளர்ந்தபோது அது நூலாயிற்று. நாம் காணும் ஒவ்வொரு நல்ல ஆசிரியரும், நல்ல குருவும், நல்ல பெற்றோரும் விழும் குழி இதுவே. தனிமையில் கனிவோடு இருக்கிறோம். அவையில் மௌனமாக இருக்கிறோம்.

அடுத்த ஞாயிறு அந்த மாணவியிடம் இதைச் சொன்னோம். முழுவதும் ஏற்றுக்கொண்டாள் என்று சொல்ல இயலாது. சற்று யோசித்தவள், “அப்ப அந்த டீச்சர் எழுதின புக்கு நெசமாவே எங்கியாவது இருக்குமா ஃபாதர்?” என்றாள். கதைக்குள் இருக்கும் நூல் அது, கடையில் கிடைக்காது என்றோம். “அப்ப யாராச்சும் எழுதணும் இல்ல?” என்றாள்.

நடராசன் அதன்பின் எழுதிய அறிவியல் நூல்களையும் கணித நூல்களையும் அந்தப் பரிகாரத்தின் தொடர்ச்சியாகப் பார்க்க நாம் அன்று கற்றுக்கொண்டோம். நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியது சிறிது. இப்போது மறைக்கல்வி வகுப்பின் இறுதிக் கால் மணி நேரத்தைப் பிள்ளைகளின் வினாக்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். பல வாரங்களில் நமக்கு விடை தெரிவதில்லை. தெரியாது, அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லப் பழகிவருகிறோம். இந்த வயதில் அது எளிதாக இல்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் பிள்ளைகளின் முகத்தில் தோன்றும் மலர்ச்சியைக் கண்ட பின் அதை விடவும் மனம் வரவில்லை.

அலமாரியில் ‘ஆயிஷா’ மீண்டும் இல்லை. யாரோ எடுத்துச் சென்றிருக்கிறார்கள். திருப்பித் தரும்போது நின்று பேசட்டும் என்று காத்திருக்கிறோம்.